படுக்கையும் அடுப்பும் ஒரே வண்டியில்

கார்த்திகை பிறந்துவிட்டால் வேலூர்ப் பக்கம் தெருவுக்கு ஒரு வேன் நிற்கும். முன்கண்ணாடியில் மாலை, கூரைமேல் தார்ப்பாய் போர்த்திய மூட்டைகள், பின்சீட்டுக்கு அடியில் அரிசி, பருப்பு, அண்டா, கரண்டி, அவற்றோடு ஒரு சிவப்பு சிலிண்டர். சபரிமலைக்குப் போகிறவர்கள், தை மாதம் பழநிக்கும் மேல்மருவத்தூருக்கும் போகிறவர்கள், கோடை விடுமுறைக்கு ஊட்டி, மைசூர் என்று குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் என எல்லாருக்கும் இது பழகிப்போன ஏற்பாடு. காசு மிச்சம், விரதத்துக்கும் சரி, வயிற்றுக்கும் கெடுதல் இல்லை. காவேரிப்பாக்கம் ஏரிப் பக்கமும், பள்ளிகொண்டா தாண்டி மரநிழலிலும் வேனை ஓரங்கட்டி உப்புமா கிண்டும் கூட்டத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன்.

அடுப்பு மரநிழலில் இருந்தவரை எனக்குப் பெரிய கவலை இருந்ததில்லை. இப்போது அது வேனுக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது. பழைய டெம்போ டிராவலரை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, கட்டில், சமையல் மேடை, ஃபிரிட்ஜ், ஏசி, கூரைமேல் சோலார் தகடு எல்லாம் வைத்துக் கேரவன் ஆக்குகிறார்கள். சினிமாக்காரர்களிடம் மட்டும் பார்த்த வண்டி இப்போது நம் தெருவுக்கே வந்துவிட்டது. அதில் எனக்குச் சந்தோஷம்தான். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்ற அதைவிட வசதி கிடையாது. ஆனால் அந்த வண்டிகளின் படங்களையும் வீடியோக்களையும் பார்க்கும்போது என் கண் முதலில் போவது ஒரே இடத்துக்குத்தான்: தூங்குகிறவர் படுக்கையிலிருந்து இறங்கிக் கதவுக்குப் போகும் வழியில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் அடுப்பு இருக்கிறது.

நான் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஓர் ஆலையில் தீப்பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் தொழிலில் எதைப் பார்த்தாலும் முதலில் கேட்கும் கேள்வி, எரிவது எது, பற்றவைப்பது எது, மனிதர் வெளியேறுவது எந்தப் பக்கம் என்பதுதான். வீட்டில் இந்த மூன்றுக்கும் நடுவே சுவர் இருக்கிறது, அறை இருக்கிறது, முற்றம் இருக்கிறது. வேனில் மூன்றும் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கின்றன. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை மதுரையில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்கள் தனியாக வாடகைக்கு எடுத்த ரயில் பெட்டி. மதுரை நிலையத்துக்கு அருகே கழற்றி நிறுத்தி வைத்திருந்தார்கள். உள்ளே விதியை மீறி சிலிண்டர் கொண்டுவந்திருந்தார்கள். விடியலில் டீ போட அடுப்பைப் பற்றவைத்தபோது பிடித்த தீயில் 9 பேர் இறந்தார்கள். பெட்டி ஓடவில்லை, மோதவில்லை, தடம்புரளவில்லை. நின்ற இடத்தில், தூக்கத்திலிருந்து எழும் நேரத்தில் நடந்தது. அவர்கள் யாரும் பொறுப்பில்லாத மனிதர்கள் என்று நான் நினைக்கவில்லை. நம் ஊர் வேன்காரர்கள் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள், மூடிய பெட்டிக்குள்.

மூடிய பெட்டிக்குள் கேஸ் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாகப் பரவிக் கட்டிலுக்கு அடியிலும் பெட்டிகளுக்கு நடுவிலும் தேங்கும். சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும் ஒரு லிட்டர், வெளியே வந்தால் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாக விரியும். காற்றில் 2 சதவீதத்தை ஒட்டிக் கலந்தாலே பற்றிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிடும். ஒரு டிராவலரின் உள்ளிடத்தை 4 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் 13 கன மீட்டர் வருகிறது. அதில் 2 சதவீதம் என்பது எடைக் கணக்கில் அரை கிலோவைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதுவும் வண்டி முழுக்கச் சீராகக் கலந்தால். தரையோடு தங்கும் கேஸுக்கு அந்த அரை கிலோகூட வேண்டாம், முழங்கால் உயரத்துக்குத் தேங்கினாலே போதும். வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. "சின்னதுதானே" என்று எடுத்துப்போகும் 5 கிலோ சிலிண்டரிலும் அந்த அரை கிலோவைப்போல் பத்து மடங்கு இருக்கிறது.

வாசனை வருமே என்பார்கள். உண்மைதான், கசிவு தெரியவேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். ஆனால் தூங்குகிறவருக்கு மூக்கு வேலை செய்வதை நம்ப முடியாது. கேஸ் மூக்குக்கு வரும் முன்பே கட்டிலுக்கு அடியில் சேர்ந்துவிடும். அங்கேதான் ஃபிரிட்ஜ் மோட்டார் இருக்கிறது, அங்கேதான் இன்வெர்ட்டர் இருக்கிறது. ஒரு சின்ன தீப்பொறி போதும்.

சாலை வேறு தன் பங்கைச் செய்கிறது. வீட்டில் வைத்த சிலிண்டர் அசையாது. வேனில் வைத்தது ஒவ்வொரு வேகத்தடையிலும் குதிக்கிறது. ரெகுலேட்டர் உட்காரும் இடத்தில் உள்ள சின்ன ரப்பர் வாஷர் தேய்கிறது, டியூப் ஏதாவது தகர விளிம்பில் உரசுகிறது, அடுப்புத் திருகி மீது மூட்டை சரிந்து கொஞ்சம் திறந்துகொள்கிறது. இடமில்லை என்று சிலிண்டரைப் படுக்கவைத்துக் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். படுக்கவைத்தால் ரெகுலேட்டருக்கு வாயு போகாமல் திரவமே போகும். அப்போது அடுப்பில் வரும் தீயை யாராலும் கட்டுப்படுத்த முடியாது.

வெளிநாடுகளில் இதே மாதிரி வண்டிகளில் பல காலமாகக் கேஸ் வைத்துத்தான் சமைக்கிறார்கள். அப்படியானால் நாம் ஏன் கூடாது என்று என் மாமா கேட்டார். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். ஓய்வு பெற்றதும் ஒரு டிராவலர் வாங்கி, வாலாஜா ரோட்டில் ஒரு ஷெட்டில் விட்டு மாற்றிக்கொண்டிருக்கிறார். அவர் கேள்வி நியாயமானது. அங்கே வண்டியைச் செய்யும் முறையே வேறு. சிலிண்டர் இருக்கும் அறைக்கு உள்பக்கம் கதவே கிடையாது, வெளிப்பக்கம்தான் திறக்கும். அந்த அறையின் அடியில் ஓட்டை இருக்கும், கசிந்தால் கேஸ் தரைக்கு இறங்கிப் போய்விடும். தீ அணைந்துபோனால் தானாகக் கேஸை நிறுத்திவிடும் கருவி அடுப்பிலேயே இருக்கும். கேஸ் கசிவைக் காட்டும் அலாரம் தரைக்கு அருகில், புகை அலாரம் கூரையில், கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கைப் பக்கம், கதவருகே தீயணைப்பான், படுக்கும் இடத்திலிருந்து வெளியேற இரண்டாவது வழி. அமெரிக்காவில் இந்த வண்டிகளுக்கென்றே உள்ள என்எஃப்பிஏ 1192 என்ற தரநிலை இவற்றில் பெரும்பாலானவற்றைக் கேட்கிறது. இத்தனை வைத்தும் அங்கே இந்த வண்டிகள் எரியாமல் இல்லை. கேஸில் ஓடும் ஃபிரிட்ஜில் அம்மோனியாவும் ஹைட்ரஜனும் இருக்கும். வண்டி சாய்வாக நின்றால் கொதிகலன் பகுதி அளவுக்கு மீறிச் சூடாகிக் குழாய் விரிசல் விடும், தீப்பிடிக்கும். அந்த ஃபிரிட்ஜுகளைக் கம்பெனிகளே லட்சக்கணக்கில் திரும்ப அழைத்துச் சரிசெய்த வரலாறு உண்டு. ஆக, நம் வீட்டு அடுப்பையும் வீட்டு சிலிண்டரையும் அப்படியே தூக்கி உள்ளே வைப்பதும் அவர்கள் செய்வதும் ஒன்றல்ல.

மாமாவிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்று: கேஸ் வேண்டாம் மாமா. சமைத்தே ஆகவேண்டும் என்றால் வண்டியை நிறுத்தி, வெளியே இறக்கி, பத்தடி தள்ளி வைத்துச் சமையுங்கள். வாலாஜாவிலிருந்து வாணியம்பாடி வரை நெடுஞ்சாலையில் சாப்பாட்டுக்கா பஞ்சம்? விரதக்காரர்களுக்கு வெளிச் சாப்பாடு ஆகாது, அது எனக்குப் புரிகிறது. அவர்களும் மரநிழல் பழக்கத்தை விடாமல் வைத்திருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். ஓடும் வண்டியிலும், நின்ற வண்டிக்குள்ளும் அடுப்பு எரியக்கூடாது. கற்பூரத்துக்கும் இதே பேச்சுதான். கிளம்பும்போது வண்டிக்கு முன்னால் தரையில் ஏற்றிக் கும்பிடுவோம். டேஷ்போர்டு மேல் தட்டில் ஏற்றுவது வேண்டாம். மேலே காய்ந்த மாலை, பின்னால் ரெக்சின் சீட், பக்கத்தில் பிளாஸ்டிக். சாமி வெளியே நின்று கும்பிட்டாலும் பார்ப்பார்.

"அப்போ கரண்ட் அடுப்பு வைச்சுக்கலாம் மச்சான்" என்றார் மாமா. அதுவும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஷெட்டுக்குப் போய் வேலையைப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது.

ஷெட்டில் பாய் நல்ல வேலைக்காரர். தகர வேலையில் அவர் கையைப் பிடிக்க ஆளில்லை. மாமா வண்டியின் உள்பக்கம் ஏற்கெனவே தரையிலும் பக்கவாட்டிலும் சட்டம் அடித்திருந்தார். சட்டங்களுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று தெர்மாகோல். வேலூர் வெயிலைத் தடுக்கத்தான். சித்திரை, வைகாசியில் இங்கே 40 டிகிரியைத் தாண்டும்போது தகரக் கூரைக்கு அடியில் உட்கார முடியாது, ஏதாவது வைத்தே ஆகவேண்டும். ஆனால் தெர்மாகோல் தீ பட்டதும் உருகிச் சொட்டும், சொட்டும் ஒவ்வொரு துளியும் எரிந்துகொண்டே விழும். ஒரு சின்னத் துண்டைப் பிய்த்து வெளியே எடுத்துப்போய் லைட்டர் காட்டினேன். கரும்புகையோடு சுருண்டு உருகிக் கீழே விழுந்தது, விழுந்த இடத்திலும் அணையவில்லை. பாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கிளாஸ் வூல் போட்டுடலாம் சார், ரேட்டு ஒண்ணும் பெரிசா ஏறாது" என்றார். போட்டுவிட்டார். கண்ணாடி நாரும் கல் நாரும் எரியாது. நார் உதிராமல் மேலே நன்றாக மூடினால் போதும்.

மெத்தை நுரையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாலியூரித்தேன் நுரை எரியும்போது கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும். சின்ன இடத்தில் அந்தப் புகையைச் சில மூச்சு இழுத்தாலே நினைவு தப்பிவிடும். தீக்காயம் பட்டு இறப்பவர்களைவிடப் புகையில் இறப்பவர்கள் அதிகம் என்று எங்கள் பயிற்சிகளில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். தீ எழுப்பிவிடும் என்று நினைப்பவர்கள் இதை மனதில் வைக்கவேண்டும். புகை யாரையும் எழுப்பாது.

அப்புறம் ஒயரிங். பிளைவுட் மூடும் முன் தரைச் சட்டத்தைக் கையில் டார்ச்சோடு குனிந்து பார்த்தேன். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போகும் ஒயர், குறுக்குச் சட்டத்தில் போட்ட ஓர் ஓட்டை வழியாகப் போயிருந்தது. டிரில் போட்ட ஓட்டை, விளிம்பு கத்திபோல. ஒயர் உரசாமல் விளிம்பை மூடும் ரப்பர் புஷ் இல்லை. வண்டியை ஷெட்டுக்குள் முன்னும் பின்னும் நகர்த்தியதிலேயே ஒயரின் சிவப்பு உறையில் நகக்கீறல்போல ஒரு கோடு விழுந்திருந்தது. இன்னும் கொஞ்சம் ஓடினால் உள்ளே செம்பு தெரியும், செம்பு சட்டத்தைத் தொடும். அந்த ஒயரில் ஃபியூஸும் இல்லை. இன்வெர்ட்டருக்குள்ளேயே ஃபியூஸ் இருக்கிறதே என்றார் ஒயரிங் செய்த பையன். அது இன்வெர்ட்டரைக் காப்பாற்றும். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் ஒயர் ஷார்ட் ஆனால் அதைத் தடுக்க வழியில் ஒன்றுமில்லை. பேட்டரி தன்னிடம் உள்ள அத்தனை மின்சாரத்தையும் அந்த இடத்தில் கொட்டும். ஒயர் பழுக்கக் காயும், மேலே பிளைவுட், அதற்கு மேலே மெத்தை. ஃபியூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கவேண்டும் என்பது அதனால்தான்.

12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்ற தைரியம் பலருக்கு இருக்கிறது. ஷாக் அடிக்காது, சரி. தீப்பிடிக்க வோல்ட் தேவையில்லை, ஆம்பியர் போதும். 1500 வாட் கரண்ட் அடுப்பு வீட்டில் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். அதே அடுப்பை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால் 125 ஆம்பியருக்கு மேல். ஏறக்குறைய 20 மடங்கு. ஒரே கனமுள்ள ஒயரில் ஆம்பியர் 20 மடங்கானால் சூடு 400 மடங்கை ஒட்டி வரும். வீட்டுக்குப் போடும் ஒயரை வேனுக்கும் போடலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும். கட்டைவிரல் கனத்துக்குக் கேபிள் வேண்டும், முனையில் மாட்டும் உலோக வளையமான லக்கை முறுக்கி டேப் சுற்றினால் போதாது, சரியான கருவியால் அழுத்தி இறுக்கவேண்டும். தளர்ந்த இணைப்பு ஒன்று போதும், முழு கனமுள்ள கேபிளும் அந்த ஓர் இடத்தில் காயும். நான்கு நாள் ஓடியபிறகு எல்லா இணைப்பையும் திரும்ப இறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

வருஷத்தில் பாதி நாள் வண்டி சும்மா நிற்கும் என்பதால் இன்னொரு எதிரியும் உண்டு, எலி. நின்ற வண்டியில் குடி வைத்து ஒயரைக் கடிக்கும், கூடு கட்ட பஞ்சும் காய்ந்த புல்லும் இன்ஜின் மேல் சேர்த்து வைக்கும். நீண்ட நாள் கழித்துக் கிளம்பும் முன் பானட்டைத் திறந்து பார்க்காமல் சாவி போடுவது ஆபத்து.

பேட்டரி விஷயத்தில் நம் ஊருக்கே ஒரு துயரம் தெரியும். 2022 மார்ச் மாதம் வேலூர் அல்லாபுரத்தில் ராத்திரி சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சுத் திணறி அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். வீட்டுக்குள்ளேயே அப்படி. லித்தியம் பேட்டரிகளில் இரும்பு பாஸ்பேட் வகை கொஞ்சம் நிதானமானது, மற்ற வகைகளைப்போல் எளிதில் வெறிபிடிக்காது. மாமாவுக்கு அதைத்தான் பரிந்துரைத்தேன். எந்த வகையானாலும் தூங்கும்போது சார்ஜ் வேண்டாம், தலைமாட்டுக்கு அடியில் பேட்டரி வேண்டாம்.

இன்னொன்று, தீயே இல்லாமல் கொல்லும். 2024 டிசம்பர் 23 அன்று கேரளத்தில் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்கியிருக்கிறார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு வண்டித் தளத்திலிருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்திருக்கிறது. நிறம் கிடையாது, மணம் கிடையாது. ஒயர் விடத் தளத்தில் போடும் ஒவ்வொரு ஓட்டையையும் அடைக்கவேண்டும் என்று பாயிடம் நான் பிடிவாதம் பிடித்ததற்கு இதுதான் காரணம். ஏலகிரியில் மார்கழிக் குளிருக்குக் கரி மூட்டி வண்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வதும் இதே வகை ஆபத்துதான்.

சரி, வழிக்கு வருவோம். எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் இதுதான்.

2013 அக்டோபர் 30 அன்று பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போன வால்வோ பஸ் மகபூப்நகர் மாவட்டம் பாலெம் அருகே எரிந்தது. 45 பேர் இறந்தார்கள். 2025 அக்டோபர் 24 அன்று அதே இரண்டு நகரங்களுக்கு நடுவில், எதிர்த் திசையில் போன ஒரு படுக்கை பஸ் கர்னூல் அருகே எரிந்தது, 19 பயணிகள் இறந்தார்கள். தீ தொடங்கிய விதம் இரண்டிலும் வேறு. ஆனால் இரண்டிலும் நள்ளிரவு தாண்டி விடிவதற்குள், தூக்கத்தில் இருந்தவர்கள், இருட்டில், குறுகிய நடைபாதையில், வழி தேடினார்கள். கண்ணாடி உடைத்துக் குதித்தவர்கள் பிழைத்தார்கள்.

டிராவலரில் பக்கக் கதவும் பின்கதவும் இருக்கின்றன. மாற்றும்போது பெரும்பாலும் பின்கதவை மறித்துக் குறுக்கே கட்டில் போடுகிறார்கள், பக்கக் கதவை ஒட்டிச் சமையல் மேடை வைக்கிறார்கள். மாமா வண்டியின் வரைபடமும் அப்படித்தான் இருந்தது. பகலில் பார்க்க அழகான அமைப்பு. ராத்திரி மேடையில் தீப்பிடித்தால் கட்டிலில் இருப்பவருக்கும் கதவுக்கும் நடுவே தீ நிற்கும். மேடையை ஓட்டுநர் பக்கத்துக்கு மாற்றச் சொன்னேன். பின்கதவை உள்ளிருந்து ஒரே இழுப்பில் திறக்கும்படி செய்யவேண்டும், மெத்தை அந்தத் தாழ்ப்பாளை மறைக்கக்கூடாது என்றேன். திருட்டு பயத்துக்கு ஜன்னலில் கம்பி வைத்து வெல்டிங் அடிக்கும் யோசனையும் இருந்தது. அதற்கு அக்காவே மறுப்புச் சொல்லிவிட்டார்: "பொருள் போனா போவுது, நாம வெளிய வரணும்."

கண்ணாடியைப் பற்றி ஒரு விவரம். பக்க ஜன்னல்களில் இருப்பது உடைந்தால் பொடிப்பொடியாக உதிரும் கண்ணாடி. கூர்முனைச் சுத்தியால் மூலையில் அடித்தால் உதிர்ந்துவிடும், நடுவில் அடித்தால் அவ்வளவு எளிதில் உடையாது. முன்கண்ணாடியில் நடுவே ஒரு ஒட்டுப்படலம் இருக்கும், அது விரிசல் விடுமே தவிர வழிவிடாது. அதனால் அவசரத்தில் முன்பக்கம் ஓடி அதைக் குத்திக்கொண்டிருக்கக்கூடாது. சுத்தியை டூல் பெட்டிக்குள் வைத்தால் இல்லாததற்குச் சமம். படுத்தபடியே கைக்கு எட்டும் இடத்தில் மாட்டவேண்டும்.

கட்டில் சட்டம் பொருத்தியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் ஷெட்டுக்கு வரச் சொன்னேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, எழுபதைத் தாண்டியவர். அக்கா பிள்ளைகள் இருவர். படுக்கச் சொல்லி, துண்டால் கண்ணைக் கட்டி, வெளியே வாருங்கள் என்றேன். பிள்ளைகள் பின்கதவைத் தடவிக் கண்டுபிடித்துக் குதித்துவிட்டார்கள். அம்மா எழுந்து உட்கார்ந்து, எந்தப் பக்கம் கால் வைப்பது என்று தெரியாமல் கட்டில் விளிம்பைப் பிடித்தபடியே இருந்தார். "தம்பி, கீழ எவ்ளோ ஆழம் இருக்குன்னு தெரியலப்பா" என்றார். அப்படித்தான் தெரிந்தது, பின்கதவுக்கு வெளியே ஒரு படி வேண்டும் என்பது. அம்மாவின் படுக்கை பக்கக் கதவுப் பக்கம் மாறியது. வரைபடத்தில் எவ்வளவு யோசித்தாலும் இது கிடைத்திருக்காது. வாடகை வேனில் போகிறவர்களும் கிளம்பும் முன் இதைச் செய்யலாம். அவசர வழி எது, திறக்கிறதா, மூட்டை மறைத்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிஷம் போதும்.

தீ உள்ளிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது கியரைக் கூட்டி வைத்துக்கொண்டு பிரேக்கையே மிதித்து வந்தால் டிரம் பழுத்துவிடும். கருகல் வாசனை வந்தால் நிறுத்தி ஆறவிடவேண்டும், இறங்கியதும் பார்க்கலாம் என்று விடக்கூடாது. டயர் தீ அணைத்தபிறகும் திரும்ப எழும், ஏனென்றால் சூடு ரப்பருக்கு உள்ளேயே இருக்கும். மாசியிலிருந்து வைகாசி வரை ஜவ்வாதுப் பக்கம் புல் காய்ந்து கிடக்கும். ஆலங்காயம், அமிர்தி போகிறவர்கள் வண்டியைக் காய்ந்த புல் மேல் நிறுத்தவே கூடாது. 2020க்குப் பின், பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகளின் சைலன்சரில் கரியை எரிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் நேரத்தில் 600 டிகிரியை எட்டும் சூடு. வண்டியும் எரியும், காடும் எரியும்.

தீயணைப்பான் எல்லா வேனிலும் இருக்கிறது, எஃப்சி என்ற தகுதிச் சான்றுக்குக் காட்டுவதற்காக. சீட்டுக்கு அடியில், செருப்புக்கும் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் கீழே. 2 கிலோ ஏபிசி பவுடர் என்றால் அதன் ஆயுள் சுமார் பத்து நொடி. அந்தப் பத்து நொடியும் தீயின் அடிப்பாகத்தில் விழவேண்டும், மேலே ஆடும் சுவாலையில் அடித்தால் வீண். ஓட்டத்தில் அதிர்ந்து அதிர்ந்து பவுடர் அடியில் கட்டிதட்டிப்போகும், அவ்வப்போது தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டி வைக்கவேண்டும். முள் பச்சையில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கதவுக்கு அருகே ஒன்று, வெளிப்பக்கம் திறக்கும் அறையில் ஒன்று. பூரி சுடும் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் 1700 லிட்டர் நீராவியாகச் சீறி எரியும் எண்ணெயை நாலாபக்கமும் வாரியடிக்கும். மூடியால் மூடி அடுப்பை நிறுத்தினால் போதும்.

ஒரு தீயணைப்பானில் அடங்கவில்லை என்றால் அதோடு விட்டுவிடவேண்டும். எல்லாரும் இறங்கி, காற்று வீசும் திசைக்கு எதிர்ப்பக்கமாக நூறு மீட்டர் தள்ளிப் போய், போக்குவரத்து ஓடும் பக்கம் நிற்காமல் ஓரம் போய், 101 அல்லது 112 எண்ணுக்கு அழைக்கவேண்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033ம் உண்டு. கேஸ் கசிவு மட்டும் என்றால் 1906. நகைப் பை, போன், சூட்கேஸ் என்று திரும்ப உள்ளே போகிறவரைக் கையைப் பிடித்து நிறுத்துவது கூட இருப்பவர் வேலை.

ஆர்டிஓ விஷயத்தையும் சொல்லவேண்டும். சீட்டைக் கழற்றிக் கட்டில் போடுவது வண்டியின் வகையையே மாற்றுவது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி அனுமதி இல்லாமல் அப்படி மாற்றக்கூடாது. கேரவன்களுக்கென்றே ஏஐஎஸ் 124 என்ற தரநிலை நம் நாட்டிலும் இருக்கிறது. அனுமதி இல்லாத வண்டி எரிந்தால் இன்சூரன்ஸ் கிடைப்பதும் சிக்கல்தான். மாமா முதலில் அலுத்துக்கொண்டார். இப்போது காகிதங்களோடு அலைந்துகொண்டிருக்கிறார்.

மேடை இடம் மாறிவிட்டது, ஃபியூஸ் வந்துவிட்டது, அந்த ஓட்டைக்கு ரப்பர் புஷ் வந்துவிட்டது, மூன்று அலாரங்களும் வாங்கியாகிவிட்டது. கூரையில் திறக்கும் கதவு ஒன்று வைக்கலாம் என்று பாயே சொன்னார். வண்டி பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால் பக்கக் கதவும் ஜன்னலும் தரையோடு போய்விடும், அப்போது அது உதவும். அதற்கான சட்டம் இன்னும் தயாராகவில்லை. அது பொருத்துகிறவரை வண்டி காலையில் கிளம்பி சாயந்திரம் வீடு திரும்பும் இடங்களுக்கு மட்டும்தான் போகும், ராத்திரி தங்கல் கிடையாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதல் ஓட்டம் வள்ளிமலைக்கு. சாப்பாடு வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகிறோம்.